சேஸிக்கு அடியில் பதினான்கு மாதம்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக்கூடத்துக்கும் சமையல்கூடத்துக்கும் நடுவே பாய்லர் அறை இருந்தது. இருபத்தொன்பது வருஷம் அந்த அறை அவள் பொறுப்பு. ஆபரேஷன் கத்திகள் சுத்தமாவதும், படுக்கை விரிப்புகள் வெளுப்பதும், நானூறு பேருக்குச் சாப்பாடு வேகுவதும் அவள் அனுப்பும் நீராவியில்தான். டாக்டர்கள் முதல் தரை கூட்டுகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவள் ‘பாய்லர் அக்கா’. கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், முகம் மட்டும் சிவந்துகொண்டே போகும். பேர் அதனால்தான் வந்தது, வேலையால் இல்லை என்று தலைமைச் சமையல்காரர் சொல்லிச் சிரிப்பார்.

அவளிடம் அரைக்கிலோ சுத்தியல் ஒன்று இருந்தது. மாதம் ஒரு நாள் பாய்லரை ஆறவிட்டு, குழாய் குழாயாகத் தட்டிப் பார்ப்பாள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பதில் சொல்லும். அரித்துப்போன இரும்பு ‘டொப்’ என்று விழுங்கும். ஒருமுறை, மேலிடத்து ஆய்வுக்கு முந்தின நாள், ஒரு குழாய் ‘டொப்’ என்றது. அவள் பாய்லரை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கவில்லை. நிர்வாக அதிகாரி வந்து, “ஆய்வு முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று கெஞ்சினார், பிறகு மிரட்டினார். “எழுதிக் குடுங்க சார், பத்த வைக்கிறேன்” என்றாள். அவர் எழுதித் தரவில்லை. அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் வரவில்லை.

கல்யாணப் பேச்சு வந்த வயதில் அப்பா படுத்த படுக்கை. அப்பா போனபோது பேச்சு எடுக்க ஆளில்லை. இருந்தது ஒரே தம்பி, எட்டு வயது இளையவன். டைல்ஸ் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளர் எந்தக் கல்லை எடுத்தாலும் ‘இதுதான் சார் இப்ப ஓடுது’ என்று சொல்லி விற்றுவிடும் வாய் அவனுக்கு. மனைவி, காலேஜ் படிக்கும் மகள் என்று மூன்றாம் மாடி அடுக்குவீட்டில் இருந்தான்.

இருபத்தொன்பது வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வெளியூரில் தங்கியதில்லை. மாற்று ஆள் எப்போதும் கடைசி நேரத்தில் காலை வாரிவிடுவான். ஓய்வு பெற்ற மறுநாள், தம்பி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, “இனிமே எனக்கு ஊர் சுத்தணும்டா. வேற ஒண்ணும் வேணாம்” என்றாள். அவள் எதையும் வேண்டும் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால் தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

கேரவன் வாங்கும் யோசனை தம்பியுடையது. லாரி சேஸியின், அதாவது இரும்பு அடிச்சட்டத்தின், மேல் நான்கு படுக்கை, சின்ன அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்துக் கட்டிய பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து வாங்கினார்கள். பார்க்கப் போனவன் தம்பிதான், மகளைக் கூட்டிக்கொண்டு. திரும்பி வந்து வாசலிலேயே கையை விரித்துக் காட்டினான்.

“அடியில கூடப் பாத்துட்டேன்க்கா. புதுசு மாதிரி கறுப்பா மின்னுது.”

“மின்னுறது இரும்பா, பெயிண்டா?”

“உனக்கு எதுலயும் சந்தேகம்தான். இது பாய்லர் இல்லக்கா, வண்டி.”

அடுக்குவீட்டில் நிறுத்த இடமில்லை. வண்டி அவள் வீட்டுப் பக்கவாட்டில், சிமெண்ட் தரையில் வந்து நின்றது. தம்பி மனைவி ஜன்னல்களுக்கு நீலப்பூ போட்ட திரை தைத்தாள். அக்கா வரைபடம் வாங்கிச் சுவரில் ஒட்டி, போகவேண்டிய ஊர்களைப் பென்சிலால் வட்டம் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, “சினிமால நடிக்கப் போறீங்களா?” என்று கேலி செய்தார்கள். அவளுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. தினமும் காலையில் உள்ளே ஏறி, மேல் படுக்கையில் ஐந்து நிமிஷம் படுத்துப் பார்த்துவிட்டு இறங்குவாள்.

முதல் மழை விட்ட காலையில், வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புச் செதில் கிடந்தது. எடுத்துத் திருப்பினாள். ஒரு பக்கம் தார் போலக் கறுப்பு. மறுபக்கம் செங்கல் பொடி. பழைய போர்வையைத் தரையில் விரித்து, டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு மல்லாந்து அடியில் நுழைந்தாள். முன் சக்கரத்துக்குப் பின்னால், நீளச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினாள். கைப்பிடி வரை உள்ளே போனது. துரு நெற்றியிலும் வாயிலும் கொட்டியது.

துப்பிவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள்.

“வண்டிக்கு அடியில துருடா. வித்தவன் மேல பூசி மறைச்சு நம்ம தலையில கட்டிட்டான்.”

“ஐயோ அப்படியாக்கா” என்றான். “அவனைப் போய்ப் பிடிக்க முடியாது. ஊரைவிட்டே போய்ட்டான். ஆனா இது உனக்குத் தெரிஞ்ச வேலைதானே?”

தெரிந்த வேலைதான். அதுதான் கஷ்டம். தெரியாதவளாக இருந்தால் அன்றைக்கே விட்டிருப்பாள்.

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, நான்கு மூலையிலும் கனமான மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தாள். வயர் பிரஷ்ஷும் சுரண்டியும் கொண்டு முன்பக்கத்திலிருந்து தொடங்கினாள். ஒரு நாளைக்கு இரண்டு முழம் நகர்ந்தால் பெரிய காரியம். கறுப்புப் பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. அடியில் இரும்பு ஏடு ஏடாக, பழைய புத்தகம் போலப் பிரிந்தது. நல்ல இரும்பு வரும் வரை தேய்த்து, துருவைக் கட்டும் மருந்து தடவி, காயவிட்டு, ரெட் ஆக்சைடு பூச்சு அடித்தாள். ஓட்டை விழுந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டாள். வட்டங்கள் சேர்ந்ததும் வெல்டரைக் கூப்பிட்டாள்.

வெல்டர் ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்தவர். அவள் வயதுதான். வேலை இல்லாதபோதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘கண்ணாடி’. பேச்சு குறைவு. முதல் நாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “இது வண்டி இல்லம்மா, சல்லடை” என்றார். மறுநாள் வெல்டிங் மெஷினோடு வந்தார். அரித்த இடத்தை அறுத்து எடுத்து, புது இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தார்கள். அவள் பட்டையைப் பிடிப்பாள், அவர் பற்றவைப்பார், ஆறியதும் அவள் சுத்தியலால் தட்டிக் கேட்பாள். ‘டங்’ என்றால்தான் அடுத்தது. “என் வேலையிலயே சந்தேகமா?” என்பார் கண்ணாடி. “உங்க மேல இல்ல, இரும்பு மேல” என்பாள்.

ஆரம்பத்தில் தம்பி ஞாயிறுதோறும் வந்தான். டார்ச் பிடிப்பான், கடையில் நடந்த வேடிக்கைகளைச் சொல்வான், சாப்பிட்டுவிட்டுப் போவான். தம்பி மனைவி மெத்தைக்கு உறை தைத்துக் கொண்டுவருவாள். பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆனது. அப்புறம் போன். “எவ்வளவு தூரம்க்கா வந்திருக்கு?” என்று கேட்பான், ஏதோ வண்டி ஏற்கெனவே வழியில் வந்துகொண்டிருப்பது போல. “பாதி தூரம்” என்பாள்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு நியாயம் செய்ததாகாது. அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். காலையில் எழ ஒரு காரணம் இருந்தது. முதுகு வலித்தது, கண்ணில் துரு விழுந்து இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நர்சுகள், “பாய்லர் அக்கா, ரிட்டயர் ஆகியும் இரும்பை விடலயா?” என்று சுற்றி நின்றுகொண்டார்கள். அவள் வட்டமிட்ட ஊர்களின் பேர்களை அவர்களுக்குச் சொன்னாள்.

மிச்சம் இருந்தது ஒரே இடம். பின் சக்கரங்களுக்கு மேலே, இடப்பக்கச் சட்டத்தை மறைத்துக்கொண்டு குளியலறைக் கழிவுநீர்த் தொட்டி தொங்கியது. அதன் போல்ட்டுகள் துருவேறிக் கல்லாய் இறுகியிருந்தன. உடைந்துவிடும் என்று கடைசிக்கு வைத்திருந்தாள். அதைத்தான் முதலில் கழற்றியிருக்க வேண்டும் என்று பிறகு தன்னைத்தானே எத்தனையோ முறை திட்டிக்கொண்டாள். பாய்லராக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள். கெட்ட சேதியை முதலில் தேடிப் போகிற புத்தி எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினான்காவது மாதம், போல்ட்டுகளை அறுத்துத் தொட்டியை இறக்கினார்கள். குளியல் தண்ணீர் வருஷக்கணக்கில் கசிந்து, சட்டத்துக்குள்ளேயே தேங்கியிருந்தது. அந்த இடத்தில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ரிவெட் ஆணி அடித்திருப்பார்கள், ஏனென்றால் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் அங்கேதான் மாட்டியிருக்கும், முழு வண்டியின் பாரமும் அங்கேதான் இறங்கும். தகடுகளுக்கு நடுவே துரு ஊறிப் பெருத்து, இரண்டையும் பிளந்திருந்தது. ஆணித் தலைகள் தெறித்துப் போயிருந்தன. அவள் சுத்தியலால் தட்டினாள். எந்தச் சத்தமும் வரவில்லை. சுத்தியல் உள்ளே போய்விட்டது.

கண்ணாடி வெகுநேரம் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஒட்டு போடலாமா?” என்று கேட்டாள்.

“ஒட்டு போட இரும்பு வேணும்மா. எதுல ஒட்டுறது? மேல இருக்கிற வீட்டையே தூக்கி இறக்கிட்டு, சட்டத்தை மாத்தணும். அதுக்கு இன்னொரு வண்டி வாங்கிடலாம்.” விரலால் சட்டத்தைத் தொட்டுக் காட்டி, “இதை யாரோ முன்னாடியே பாத்திருக்காங்க” என்றார். அதுவரை தொட்டி மறைத்திருந்த ஓரத்தில், சட்டத்தின் மேல் மஞ்சள் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அவள் போட்டதல்ல. அவள் வெள்ளைதான் வைத்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தம்பி மகள் காலேஜிலிருந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். அவள் குறியைக் காட்டினாள்.

“ஆமா அத்தை, அந்த மெக்கானிக் போட்டது” என்றாள் பெண், சாதாரணமாக. “வாங்கறதுக்கு முன்னாடி அப்பா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனாரே. அவர் அடியில படுத்துப் பாத்துட்டு, வேண்டாம் சார், உள்ள போயிடுச்சுன்னார். அப்பாதான், ‘எங்க அக்கா இருக்கா, அவ பாத்துப்பா’ன்னு சொன்னார். விலையும் குறைச்சுக் குடுத்தாங்க.” பிறகு அத்தையின் கழுத்து சிவப்பதைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றாள்.

அன்றைக்கே அவள் மூன்று மாடி ஏறினாள். தம்பி அப்போதுதான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“உனக்குத் தெரியுமாடா?”

எது என்று அவன் கேட்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. ஆனாலும் அவன் பேசினான். பேசுவது அவன் தொழில்.

“இவ்வளவு மோசம்னு தெரியாதுக்கா. கொஞ்சம் துரு இருக்குன்னாங்க. நீ ரிட்டயர் ஆயி சும்மா உக்காந்தா என்ன ஆயிடுவியோன்னு எனக்குப் பயம். உனக்கும் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்னுதான்...”

“வேலை வேணும்னு நான் கேட்டேனா? ஊர் சுத்தணும்னுதானே கேட்டேன்?”

“சரி செஞ்சா சுத்தலாம்தானே?”

“சரி செய்ய முடியாத இடத்துல ஒருத்தன் குறி போட்டுட்டுப் போயிருக்கான். அதை நீ பாத்த. பாத்துட்டு வந்து, அடியில மின்னுதுன்னு சொன்ன. பதினாலு மாசம் நான் மல்லாந்து கிடந்தேன். நீ டார்ச் பிடிச்ச.”

தம்பி மனைவி உள்ளே கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அவளுக்கும் தெரிந்திருந்ததா என்று கேட்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. தெரியாதவள் என்று நினைத்துக்கொள்ள ஒரு ஆளாவது வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி வேறு ஒரு மெக்கானிக்கோடு வந்தான். வண்டியை விற்றுவிடுவதாக அவனே முடிவு செய்திருந்தான். மெக்கானிக் தொட்டியைத் திரும்ப மாட்டி, முட்டுக்கட்டைகளை எடுத்தான். தம்பி புதுக் கையுறை போட்டுக்கொண்டு, கறுப்புப் பெயிண்ட் டப்பாவோடு அடியில் நுழைந்தான். அவள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். அந்த வண்டிக்கு அடியில் அவன் முழு நாள் இருந்தது அன்று மட்டும்தான். அவளுடைய ரெட் ஆக்சைடும், கண்ணாடியின் பட்டைகளும், உள்ளிருந்த ஓட்டையும் எல்லாம் ஒரே கறுப்பாயின.

“யார் வந்து கேட்டாலும் நான் சொல்லிடுவேன்” என்றாள் ஜன்னல் வழியாக.

“யாரும் உன்னைக் கேக்கமாட்டாங்கக்கா” என்றான், சிரித்தபடி.

மறுநாள் வாங்க வந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் கூட வந்தார்கள். குழந்தைகள் நேராக மேல் படுக்கைக்கு ஏறி, எது யாருக்கு என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டன. மனைவி நீலப்பூத் திரையைத் தொட்டுப் பார்த்து, “நல்லா தைச்சிருக்கீங்க” என்றாள். தம்பி மனைவி புன்னகைத்தாள். ஓட்டுநர் குனிந்து அடியில் பார்த்தார்.

“பளபளன்னு இருக்கே. உள்ள ஏதும் இல்லையே?”

அவர் கேட்டது தம்பியிடம். பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் வாய் அவனைச் சும்மா இருக்கவிடவில்லை.

“எங்க அக்காவே பாத்துப் பாத்து செஞ்சது சார். ஆஸ்பத்திரி பாய்லரை முப்பது வருஷம் பாத்தவங்க. ஒரு ஓட்டை அவங்க கண்ணுல தப்பாது. வேணும்னா அவங்களையே கேளுங்க.”

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லோரும் திரும்பினார்கள். தம்பியின் முகத்தில் பயம் இல்லை; கெஞ்சலும் இல்லை. அவள் சொல்லமாட்டாள் என்று முழுசாக நம்பினான். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நெஞ்சு கசந்தது. ஏமாற்றியது கூடப் பரவாயில்லை. தன் பேரை எடுத்துப் பெயிண்டோடு சேர்த்துப் பூசுகிறான்.

“பின் சக்கரத்துக்கு மேல ஒரு தொட்டி இருக்கு” என்றாள் ஓட்டுநரிடம். “அதுக்குப் பின்னாடி கை விட்டு, சட்டத்தை அழுத்திப் பாருங்க.”

அவர் படுத்து, கையை விட்டார். எழுந்தபோது விரல்களில் காயாத கறுப்பும், கை நிறைய செம்பழுப்புத் தூளும் இருந்தன. அதை மனைவியிடம் காட்டினார். பிறகு குழந்தைகளைக் கூப்பிட்டார். சின்னவள் இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருமுனை வரை அழுகை கேட்டது. அவர் அக்காவுக்கு நன்றி சொல்லவில்லை. அவர் கோபம் மொத்த வீட்டின் மேல் இருந்தது; யார் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு என்ன தேவை?

தம்பி கத்தவில்லை. “கூடப் பிறந்தவனை விட உனக்கு இரும்பு பெருசா போச்சு” என்றான்.

“இரும்பு இல்லடா. அந்த ரெண்டு குழந்தைங்க மேல ஏறிப் படுத்துச்சே, பாத்தியா?”

“அண்ணி, இப்படி எத்தனை வண்டி ரோட்டுல ஓடுது” என்றாள் தம்பி மனைவி. “எல்லாமா ஒடஞ்சு விழுது?” சொல்லிவிட்டு உள்ளே ஏறி, திரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் ஆரம்பத்திலேயே தெரியும் என்று அக்காவுக்கு அப்போது புரிந்துவிட்டது. கேட்க வேண்டியதில்லாமல் போயிற்று.

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. போனும் இல்லை. தம்பி மகள் மட்டும் சில நாள் குறுஞ்செய்தி அனுப்பினாள்: சாப்பிட்டீங்களா அத்தை. தன்னால்தான் எல்லாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உன் மேல் தப்பில்லை என்று அக்கா எழுதினாள். அதைப் பெண் நம்பினாளா தெரியாது. கொஞ்ச நாளில் செய்திகளும் நின்றன.

பழைய இரும்பு எடுப்பவர்கள் வந்து வண்டியைக் கேஸ் கட்டரால் துண்டு போட்டார்கள். அரித்த பகுதிகள் நொடியில் கழன்று விழுந்தன. கண்ணாடி பற்றவைத்த பட்டைகள்தான் லேசில் விடவில்லை. “யாரும்மா இப்படி பத்த வச்சது? உயிரை வாங்குது” என்று அலுத்துக்கொண்டான் கட்டர் பிடித்தவன். செய்தி கேட்டு வந்து நின்றிருந்த கண்ணாடி, திரும்பி நடந்தார்.

வண்டியின் பதிவை ரத்து செய்ய இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அதனால் ஐந்து மாதம் கழித்துப் போக்குவரத்து அலுவலகத்தின் நீள பெஞ்சில் அக்காவும் தம்பியும் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். அவன் முடி நரைக்க ஆரம்பித்திருந்தது. அவளுக்கு அதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்லவில்லை. கவுண்டரில் இருந்த பெண், படிவத்தைப் பார்த்தபடியே, “ரெண்டு பேரும் என்ன உறவு?” என்று கேட்டாள். இரண்டு பேரும் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

“தம்பி” என்றாள் அவள் கடைசியில்.

கையெழுத்துப் போட்டதும் அவன் பேனாவை மூடி, “வரேன்” என்றான். பழக்கத்தில் வந்த வார்த்தை. படியிறங்கி இடப்பக்கம் போனான். அவள் பஸ் வலப்பக்கம்.

அடுத்த மாதம் அவள் தனியாக ஒரு மலையூருக்குப் பஸ் ஏறினாள், நான்கு நாளுக்கு என்று அறை எடுத்து. முதல் நாள் நன்றாகத் தூங்கினாள். இரண்டாம் நாள் மேகம் இறங்கி வந்து ஜன்னலை மூடியது. அப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. “அங்க பாரு” என்று வாய் வரை வந்துவிட்டது. பக்கத்தில் ஆள் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மறு வருஷம் இன்னொரு ஊருக்குப் போனாள். அங்கே நான்கு நாளும் இருந்தாள்.